மேல்முறையீடு நடப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். 2019இல் அமர்வு நீதிமன்றம் என் அப்பாவைக் கொன்றவருக்கு ஆயுள் தண்டனை விதித்த அன்று, நீதிமன்றப் பணியில் இருந்த காவலர்கூட, "இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லையம்மா, வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு மேல்முறையீடு தாக்கலானது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, ஜாமீன் கிடைத்தது. இதில் எதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் நானாக அலைந்து தெரிந்துகொண்டது. இணையத்தில் தேடினால் தண்டனை பெற்றவருக்கு ஜாமீன் வாங்குவது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. செத்தவர் வீட்டார் மேல்முறையீட்டின்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்ப் பாசன ஊர். 2016 வடகிழக்குப் பருவமழை எப்படிப் பொய்த்தது என்று விவசாயம் செய்கிறவர்களுக்கு நினைவிருக்கும். வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அந்த டிசம்பரில் எங்கள் கண்மாயில் மடை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர் கிடந்தது. ஊர்க்கூட்டத்தில் முறை வைத்தார்கள். இன்ன வயலுக்கு இத்தனை மணி நேரம், முறை முடிந்ததும் நீர்ப்பாய்ச்சி வந்து வாய்க்காலை அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவார் என்று ஏற்பாடு. எங்கள் வயல் கடைமடை. எங்களுக்கு மேலே இருந்தது அப்பாவின் பங்காளி வயல். எனக்குச் சித்தப்பா முறை. அவருடைய முறை முடிந்த பிறகும் வாய்க்கால் அவர் வயலுக்கே திறந்து கிடந்தது. அப்பா போய் அடைத்தார், அவர் வெட்டிவிட்டார், மறுபடி அப்பா அடைத்தார். காலையில் ஆரம்பித்த வாய்ச்சண்டை அது. நடுவில் சித்தப்பா தன் வீட்டுக்குப் போனார். மதியம் அம்மா கஞ்சி கொண்டுபோன நேரத்தில் திரும்பி வந்து, வரப்பில் நின்றிருந்த அப்பாவை மண்வெட்டியால் அடித்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அப்பா போய்விட்டார். கதிர் வருகிற பயிர் அது. ஒரு முறைத் தண்ணீர் கிடைத்திருந்தால் கரையேறியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் ஒவ்வொரு கண்மாய்க்குக் கீழேயும் இதே சண்டை நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே அப்பா இந்த வாய்க்கால் தகராறு பற்றி எழுத்தில் மனுக் கொடுத்திருந்தார். அதைப் பெற்றுக்கொண்டவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நிலம், தண்ணீர் இவற்றைப் பயன்படுத்தும் உரிமையில் வரும் தகராறு அடிதடியாக மாறும் என்று தெரிந்தால், நிர்வாக நடுவராக இருக்கும் கோட்டாட்சியர் இரு தரப்பையும் அழைத்து விசாரித்துத் தடை உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 147ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 166ஆம் பிரிவு. பாசனத்துக்கு வரும் தண்ணீரைக் குறைக்கும்படி வாய்க்காலை வெட்டிச் சேதப்படுத்துவது தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 430ஆம் பிரிவு, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 326(ஏ). அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. மனுக் கொடுக்கும்போது இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். அப்பாவின் மனுவில் ஒரு பிரிவும் இல்லை, ரசீதும் இல்லை. அந்த மனுவின் நகல் ஒன்று மட்டும் பழைய டிரங்குப் பெட்டியில் நிலப் பட்டாவோடு கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

விசாரணை நீதிமன்றத்தில் நடந்ததை நீட்டிச் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் பின்னால் மேல்முறையீட்டின் போக்கையே தீர்மானித்தன என்பதால் அவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, முதல் தகவல் அறிக்கை. அன்று இரவு அம்மா அழுதுகொண்டே காலையில் நடந்த சண்டை, சித்தப்பா தன் வீட்டுக்குப் போனது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் சொன்னார். எழுதியவர் அதைச் சுருக்கி, வாய்க்காலில் தண்ணீர் திருப்புவதில் வாய்த்தகராறு முற்றி மண்வெட்டியால் தாக்கினார் என்று எழுதினார். அம்மா கைநாட்டு வைத்தார். யாரும் வாசித்துக் காட்டவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால், எத்தனை துக்கத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் காவல் நிலையத்துக்குக் கூடப் போக வேண்டும். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பது புகார் கொடுத்தவரின் உரிமை. நகலை இலவசமாகப் பெறுவதும் உரிமை. விட்டுப்போனது இருந்தால் மறுநாளே எழுத்தில் கொடுத்து, விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலம் பதியச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நீர்ப்பாய்ச்சி. சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்த ஒரே வெளியாள் அவர்தான். காவல்துறையிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். கூண்டில் ஏறியதும், அன்று தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்தார். அவர் கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. இரண்டு தரப்பும் அவருக்கு ஊரில் வேண்டியவர்கள், சித்தப்பா வீட்டில் கடனும் இருந்தது. அவரைத் திட்டுவதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் மன்னிக்கவும் முடியவில்லை. சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தரும் திட்டம் ஒன்றுக்கு உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மிரட்டல் இருந்தால் அதன்படி விண்ணப்பிக்கலாம். எங்கள் சாட்சி சொல்லி முடித்த காலத்தில் அது இல்லை; இப்போது இருக்கிறது.

ஆனாலும் அம்மாவின் சாட்சியம் நின்றது. செத்தவரின் மனைவி என்பதால் பொய் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. உறவினர் என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியத்தைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1953லேயே தலீப் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. சாட்சிகளின் எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம் என்று 1957இல் வடிவேலு தேவர் வழக்கில் சொன்னது. இந்த அடிப்படையில்தான் பழைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வந்தது.

தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. தாமதத்துக்குக் காரணம் காட்டி அதற்குப் பிறகும் வரலாம். எங்கள் பக்கத்து மாவட்டங்களுக்கு 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட மதுரைக் கிளையில்தான் மேல்முறையீடு. அதில் எதிர்மனுதாரராக இருப்பது அரசு. அதாவது அந்தக் காவல் நிலையத்தின் ஆய்வாளர். செத்தவர் வீட்டார் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இருக்காது. அறிவிப்பு அரசுத் தரப்புக்குப் போகும், நம் வீட்டுக்கு வராது. கொலை நடந்தது நம் வீட்டில், கேஸ் அரசாங்கத்துடையது. இதை முதல் நாளே புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எனக்குப் புரிந்தது 2021இல். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தான். அம்மா போன் செய்து, "உன் சித்தப்பா பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாரடி" என்றார். குரலே வரவில்லை அவருக்கு. சிறையிலிருந்து தப்பி வந்துவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. விசாரித்தால், மேல்முறையீடு விசாரணைக்கு வர நாளாகும் என்பதைக் காட்டித் தண்டனையை நிறுத்திவைக்க மனுப் போட்டு, ஜாமீனில் வந்திருக்கிறார். சட்டப்படி அதில் தவறில்லை. மேல்முறையீட்டை நியாயமான காலத்துக்குள் விசாரிக்க முடியாதபோது ஒருவரை உள்ளேயே வைத்திருப்பது சரியல்ல என்று 1977இல் காஷ்மீரா சிங் வழக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதைப் பின்னால் படித்தேன். படித்தபோது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா அதே வாய்க்கால் வரப்பில் அவரைத் தினமும் எதிர்கொள்ள வேண்டும் என்பதை யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா? அம்மா அந்த ஆண்டு வயலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நிலம் தரிசாகக் கிடந்தது.

இதற்கு என்ன செய்யலாம் என்றால், தீர்ப்பு வந்த கையோடு சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் கழித்து, நீதிமன்றங்களின் இணையதளத்தில் தண்டனை பெற்றவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள், எல்லா விதத்திலும் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் காவல் நிலையத்தின் பெயரையும் குற்ற எண்ணையும் வைத்து ஒரு வழக்கறிஞரின் குமாஸ்தா மூலம் தேடலாம். மேல்முறையீட்டு எண் கையில் வந்துவிட்டால், முந்தைய நாளே வெளியாகும் வழக்குப் பட்டியலைச் செல்போனிலேயே பார்த்துவிடலாம். பிறகு நேரில் போய் உயர் நீதிமன்ற அரசு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகத்தில் உங்கள் பெயர், தொலைபேசி எண், மேல்முறையீட்டு எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அங்கே நூற்றுக்கணக்கான கட்டுகள் குவிந்திருக்கும். நம் கட்டுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் வித்தியாசம் ஏற்படுகிறது. நான் கண்கூடாகப் பார்த்தது அது.

அடுத்தது, ஜாமீன் மனுவிலேயே நம் குரலைக் கேட்க வைப்பது. பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களில் தண்டனையை நிறுத்திவைத்து விடுவிப்பதற்கு முன் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். பாதிக்கப்பட்டவருக்கும் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஒரு வழக்கறிஞரை வைத்து நம் தரப்பையும் கேட்கச் சொல்லும் இடையீட்டு மனுப் போட்டு, தண்டனை பெற்றவர் ஊருக்குள் வரக் கூடாது, சாட்சிகளை நெருங்கக் கூடாது என்று நிபந்தனை கேட்கலாம். ஜாமீனில் வந்தவர் மிரட்டினால் அதை ரத்து செய்ய அரசு வழக்கறிஞர் மனுப் போட முடியும். அதற்கு நம்மிடம் எழுத்துப் புகார் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் காற்றில் போய்விடும்.

ஜாமீனில் வந்த பிறகு மிரட்டல் வரவில்லை. சமாதானம் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, வயலை எழுதித் தருகிறார், இவ்வளவு பணம் தருகிறார், கேஸை வாபஸ் வாங்கிவிடு என்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார்கள். "போன உசிரு திரும்பாது தாயி, இருக்கிறவன் குடும்பமாவது பிழைக்கட்டும்" என்று ஒரு மாமா சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கொலை வழக்கிலும் கொலையாகாத மரணம் (கொலையைவிடக் குறைந்த குற்றம்) விளைவித்த வழக்கிலும் சமாதானமாகப் போகச் சட்டத்தில் இடமில்லை. வாபஸ் வாங்கும் அதிகாரம் நம்மிடம் கிடையாது. நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதத்தை எதிர்த்தரப்பு தண்டனையைக் குறைக்கச் சொல்லித்தான் காட்டும். யார் வந்தாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கறிஞர் விஷயத்தில் பணம் போனது. முதலில் பார்த்தவர் நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு வக்காலத்துப் போட்டார், அதன் பிறகு போனை எடுக்கவில்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம். இரண்டாவதாக வந்தவர் நல்லவர், வாங்கியதற்கு வேலை செய்தார். நகல், தட்டச்சு, பயணம், விடுப்பு எடுத்த நாள்களுக்குப் பிடித்த சம்பளம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். இவ்வளவும் செலவழித்த பிறகுதான், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று ஒரு பெண் வழக்கறிஞர் சொல்லித் தெரிந்தது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள். உங்கள் வீட்டில் மனுதாரராக அம்மாவோ அக்காவோ இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது 2023இல். சாட்சிகள் யாரையும் மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கீழ் நீதிமன்றத்தில் பதிவானதைத் தட்டச்சுத் தொகுப்பாக வைத்துக்கொண்டு இரண்டு நீதிபதிகள் முன் வாதம் நடக்கும். அந்தத் தொகுப்பை நானும் வாங்கி வாசித்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அப்பாவின் காயங்கள் இரண்டு. தலையின் இடப்பக்கம் ஒன்று. இடது முழங்கைக்குக் கீழே ஒன்று. நீளம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில் எழுதியிருந்தது. கையில் இருந்த காயம் அவர் தடுக்கக் கையைத் தூக்கியபோது பட்டது. அந்த வரியை வாசித்துவிட்டு அதற்கு மேல் என்னால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனால் வாசிக்க வேண்டும். வாசித்ததால்தான், தடுக்கத் தூக்கிய கை என்பதையும் அப்பா திருப்பித் தாக்கியதாக எந்தச் சாட்சியும் சொல்லவில்லை என்பதையும் எழுத்துபூர்வ வாதத்தில் எங்கள் வழக்கறிஞர் சேர்த்தார்.

எதிர்த்தரப்பின் வாதம் முழுக்க எது கொலை என்று சொல்லும் 300ஆம் பிரிவின் நான்காவது விதிவிலக்கில் நின்றது. முன்திட்டம் இல்லை, திடீரென்று மூண்ட சண்டை, ஆத்திரத்தில் நடந்தது, அனுகூலத்தைத் தவறாகப் பயன்படுத்தவில்லை, கொடூரமாக நடந்துகொள்ளவில்லை. இவை எல்லாம் பொருந்தினால் கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தலாக மாறிவிடும். வயல் தகராறில் நடக்கும் சாவுகளில் இதுதான் எப்போதும் வரும் வாதம். மண்வெட்டி விவசாயியின் கையில் எப்போதும் இருப்பது, ஆயுதமென்று எடுத்து வந்ததல்ல என்றார்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார் என்பது நிரூபணமானால் இந்த வாதம் விழுந்துவிடும். நீதிபதிகள் அதைத்தான் கேட்டார்கள்: இடையில் அவர் போய்விட்டு வந்ததற்குச் சாட்சி யார்? முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறதா? இரண்டு கேள்விக்கும் காகிதத்தில் பதில் இல்லை. அம்மா பார்த்தது அடித்ததை. திரும்பி வந்ததைப் பார்த்தவர் பேசவில்லை.

302 என்பது, கொலையாகாத மரணம் விளைவித்ததற்கான 304இன் முதல் பாகமாக மாற்றப்பட்டு, ஆயுள் தண்டனை ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. ஏற்கெனவே சிறையில் இருந்த காலமும் அதில் கழியும். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தப் பிரிவுகள் 103, 105. தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நீதிபதிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் முன்னால் இருந்த காகிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. என் கோபமெல்லாம் அந்த முதல் இரவில் அம்மா சொன்னதைச் சுருக்கி எழுதிய கையின் மேல்தான்.

இழப்பீடு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனை என்னவானாலும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கான இழப்பீட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தனியாகக் கேட்கலாம். பழைய சட்டத்தில் 357ஏ, புதியதில் 396. விண்ணப்பம் வந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அவர்கள் விசாரணையை முடிக்க வேண்டும். அம்மாவுக்கு அது கிடைத்தது, சங்கிலியை மீட்க உதவியது. கேட்காத வரை அதையும் யாரும் சொல்லவில்லை.

உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுப் போட 90 நாள். அம்மா வேண்டாம் என்றார், அடுத்த வாரம் அவரே போடச் சொன்னார். இந்த முறை பணம் கட்டி ஆள் தேடவில்லை, உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு அம்மா பெயரில் விண்ணப்பித்தோம். அங்கே தமிழில் இருக்கும் ஆவணங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும், எனவே தீர்ப்பு நகல் வந்த அன்றே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கேட்கும் காகிதங்கள் இவைதாம்: இரு நீதிமன்றத் தீர்ப்புகளின் சான்றிட்ட நகல், முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, மனுதாரரின் அடையாள அட்டை. எங்கள் மனு தாக்கலாகி நிலுவையில் இருக்கிறது.